யானைக்கொட்டில் மரியாதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் சண்டைக்கு வருவார்கள். சொல்லாமல் விட்டால் எல்லா ஊர்க்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறான் என்று எண்ணிக்கொள்வார்கள். எண்ணிக்கொள்ளட்டும், எனக்கு வேண்டியது அதுதான்.

அந்த ராஜாவுக்கு நல்ல மனசு. ஆனால் தோன்றியதைத் தோன்றிய மாத்திரத்தில் செய்துவிடுகிற புத்தி. ஒருநாள் பட்டத்து யானைமேல் ஊர்வலம் போகும்போது எங்கோ வேட்டுச் சத்தம் கேட்டு யானை மிரண்டு, ராஜாவைக் கீழே தள்ளிவிட்டது. அது காலைத் தூக்கி அவர் மார்புக்கு நேரே கொண்டுவந்த நேரத்தில், யானைக்கொட்டில் தலைவன் அங்கமுத்து ஓடிவந்து அதன் காதருகே ஒரே ஒரு சொல் சொன்னான். யானை காலை நகர்த்தி ஓரமாக வைத்தது. ராஜா பிழைத்தார்.

மறுநாளே சபையில், "யானையை அடக்கியவனுக்குத் தண்ணீரை அடக்கத் தெரியாதா?" என்று கேட்டு, நாட்டின் ஏரிகளுக்கெல்லாம் தலைவனாக அங்கமுத்துவை ஏரிச்சாவடியில் உட்காரவைத்தார். அந்தக் காலத்தில் அரசாங்க அலுவலகத்துக்குச் சாவடி என்று பேர். யானையும் தண்ணீரும் ஒன்றா என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அங்கமுத்து கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். போகப் போக எனக்குக் கோபம் வரும், அப்போது இதைச் சொல்ல மறந்துவிடுவேன்.

கொட்டிலில் சில வழக்கங்கள் உண்டு. புதிய ஆள் ஒருவன் கொம்பன் யானையிடம் போவதானால், தரையில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு நாழிகை அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் யானை அவன் வாடையைப் பிடித்துக்கொள்ளும். யானை காதை ஆட்டும்வரை வாயைத் திறக்கக் கூடாது. காது ஆடினால் அது அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். கையில் கரும்பு கொண்டுபோக வேண்டும். எது சொல்வதானாலும் யானையிடம் சொல்லாமல் பாகனிடம் சொல்ல வேண்டும். எல்லாம் உயிர் பிழைக்கிற வழி. இவற்றை மீறி மிதிபட்டுச் செத்தவர்கள் உண்டு.

ஏரிச்சாவடியில் முதல் நாள் ஒரு குடியானவன் விறுவிறுவென்று உள்ளே வந்தான். முப்பது வருஷம் கொட்டிலில் பழகிய அங்கமுத்துவின் உடம்பு பதறிவிட்டது. நில், நில், அங்கேயே நில் என்று கத்தினான். குடியானவன் நின்றான். மறுநாள் சாவடிச் சேவகர்கள், தலைவருக்கு இதுதான் பிடிக்கும் என்று அந்த இடத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். வெயிலுக்காக அங்கமுத்துவின் தலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் பனையோலை விசிறி வீசினார்கள். விசிறி ஆடத் தொடங்கிய பிறகுதான் பேச வேண்டும் என்று கணக்கன் ஒரு விதி செய்தான். தலைவரிடம் நேரே பேசாமல் என்னிடம் பேசு என்று இன்னொரு விதி செய்தான். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, அதை வாங்கி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டான். அங்கமுத்து ஒன்றையும் தடுக்கவில்லை. பழகிய இடத்திலேயே இருப்பதுபோல அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இது ஒரு சாவடியோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை.

ராஜாவின் பிரதானி சடகோபர் ஒருநாள் ஏரிச்சாவடிக்கு வந்தார். பிரதானி என்றால் மந்திரிகளுக்கெல்லாம் பெரியவர். அங்கே நாற்பது பேர் கோட்டுக்குப் பின்னால் கரும்பும் கையுமாக மூச்சுவிடாமல் நிற்பதைப் பார்த்தார். அவருக்கு வயிறு எரிந்தது. நேற்றுவரை யானைச் சாணம் அள்ளியவனுக்கு இவ்வளவு மரியாதையா, பரம்பரைப் பிரதானிக்கு வெறும் கும்பிடுதானா என்று பொருமினார். மறுநாள் அவர் சாவடியிலும் கோடு விழுந்தது. அங்கே இரண்டு நாழிகை என்றால் இங்கே எட்டு நாழிகை. அங்கே ஒரு கட்டுக் கரும்பு, இங்கே நான்கு கட்டு. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம். போட்டுக்கொண்டது பூனை, சுட்டது மட்டும் ஊர்ச்சனத்துக்கு.

பிறகு நெற்சாவடி, சுங்கச்சாவடி, வழக்குச்சாவடி என்று வரிசையாக இருபத்தேழு சாவடிகளிலும் கோடு வந்துவிட்டது. எந்தச் சாவடிக்காரனும் இது எதற்கு என்று கேட்கவில்லை. பக்கத்துச் சாவடியில் இருக்கிறது, நம்மிடம் இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான் யோசனை. கொட்டிலில் யானை இருந்தது, அதனால் கோடு இருந்தது. இவர்கள் கோட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வைத்தியசாலையில் பாம்பு கடித்த ஒருவனை ஆறு நாழிகை நிறுத்தினார்கள். அவன் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான். விழுந்தபோது அவன் தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்ததாம். தாண்டியதற்குத் தண்டனையாக அவன் பெண்டாட்டி இன்னொரு கட்டுக் கரும்பு சுமந்துகொண்டு வர வேண்டியதாயிற்று. இதை எழுதிவைத்த ஓலையில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். மூவரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார்கள்.

அந்த ராஜ்ஜியத்தில் கோட்டுக்குப் பின்னால் நிற்காத ஆள் ஒருவன் இருந்தான். அவன் அரண்மனை விகடகவி ஆவுடையான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவனுக்கே சிரிப்பு வரவில்லை. போகிற இடமெல்லாம் கோட்டை மிதித்துக்கொண்டே போவான். பிரதானிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ராஜா கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான் என்பது ஒரு காரணம். அதற்கு ராஜா பரிசு வேறு கொடுக்கிறார் என்பது பெரிய காரணம்.

ஐப்பசி மாதம் அடைமழை பிடித்துக்கொண்டது. அரண்மனை யானைகளையெல்லாம் ராஜா தன் மைத்துனன் கல்யாண ஊர்வலத்துக்காக அடுத்த தேசத்துக்கு அனுப்பியிருந்தார். கொட்டில் வெறிச்சோடிக் கிடந்தது. பாகன்களில் பாதிப் பேர் யானைகளோடு போய்விட, மீதிப் பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையான் ஒருநாள் காலையில் அரண்மனைக்குப் போகும் வழியில் பிரதானிச்சாவடி வாசலைக் கடந்தான். அங்கே கோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரே ஒரு கரும்பு. சாவடிக்குள்ளே தொங்கிய விசிறியைப் பார்த்தபடியே நின்றாள், கண்ணைக்கூட எடுக்கவில்லை.

என்ன விஷயம் தாயி என்று ஆவுடையான் கேட்டான். விசிறி இன்னும் ஆடவில்லை, பேசினால் முதலிலிருந்து நிற்கச் சொல்வார்கள் என்று அவள் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். நான் சாவடிக்காரன் இல்லை, என்னிடம் பேசலாம் என்று அவன் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் பேசினாள்.

"என் பேரு காத்தாயிங்க. கொக்குமடை ஏரியில எங்க வீட்டுக்காரரு மாரப்பன்தான் நீர்க்கட்டி. கரையில ஓட்டை விழுந்திருச்சுங்க. வைக்கோலும் மண்ணும் போட்டுப் பார்த்தாச்சு, நிக்கல. அவரு தண்ணிக்குள்ள எறங்கி முதுகக் குடுத்து அடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. கலிங்குப் பலகைய எடுக்க ஒரு ஓலை குடுத்தாங்கன்னா ஓடிப்போயிருவேன்."

நீர்க்கட்டி என்றால் ஏரியைக் காவல் பார்த்துத் தண்ணீரைத் திறந்து அடைக்கிறவன். கலிங்கு என்பது ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. அதைப் பலகை போட்டு அடைத்திருப்பார்கள். பலகையை எடுத்துவிட்டால் ஏரி மட்டம் இறங்கும், கரை பிழைக்கும், கரைக்குக் கீழே இருக்கும் ஊர் பிழைக்கும். ஆனால் முத்திரை ஓலை இல்லாமல் பலகையைத் தொட்டவன் கையை வெட்ட வேண்டும் என்று ராஜாவின் சட்டம் இருந்தது.

எப்போது வந்தாய் என்று கேட்டான். நேற்று விடிந்ததும் வந்தேன் என்றாள்.

ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. முதலில் ஏரிச்சாவடியில் இரண்டு நாழிகை நின்றிருக்கிறாள். விசிறி ஆடும் நேரத்துக்கு அங்கமுத்து சாப்பிடப் போய்விட்டான். கணக்கன் அவளை நெற்சாவடிக்குத் தள்ளினான். அவர்கள் வழக்குச்சாவடிக்குத் தள்ளினார்கள். கடைசியில் பிரதானிச்சாவடி. நான்கு கட்டுக் கரும்புக்கு எங்கே போவாள்? வழியில் வண்டியிலிருந்து விழுந்த ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே இருபத்தேழு பூசாரிகள்.

ஆவுடையான் கோபத்தோடு அங்கிருந்து கிளம்பினான். நேரே ஏரிச்சாவடிக்குப் போய், கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, அங்கமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அங்கமுத்து பதறி எழுந்தான். அவள் வந்ததே அவனுக்குத் தெரியாது. உடனே ஓலை எழுதினான். ஆனால் வைப்பதற்கு முத்திரை இல்லை. எல்லாச் சாவடி முத்திரைகளையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டி, பிரதானி சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு மாதம் ஆகிறதாம். பிரதானியோ அரண்மனையில் இருந்தார். இனி ராஜாவிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அங்கே போனால், சிம்மாசனத்துக்கு முன்னால் பளபளவென்று ஒரு புதுக்கோடு. அன்று காலையில்தான் போட்டிருந்தார்கள். பிரதானிக்கு எட்டு நாழிகை என்றால் மகாராஜாவுக்குப் பதினாறு வேண்டாமா என்று சடகோபர் எடுத்துச் சொல்ல, ராஜாவும் தலையாட்டிவிட்டார். பதினாறு நாழிகை என்றால் பாதிப் பகலுக்கும் மேல். அங்கமுத்து தவிர மற்ற இருபத்தாறு சாவடித் தலைவர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்து அந்தக் கோட்டை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையான் நிற்காமல் கோட்டைத் தாண்டி, "மகாராஜா" என்று வாயைத் திறந்தான்.

அவன் மேலே பேசுவதற்குள் பிரதானி எழுந்துவிட்டார். இன்று காலையில் மகாராஜாவே இட்ட கட்டளை, கோட்டைத் தாண்டுகிறவன் தலை தப்பக் கூடாது, இதோ முதல் ஆள் என்றார். ராஜாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஆவுடையான் மேல் அவருக்குப் பிரியம். ஆனால் காலையில் இட்ட கட்டளையை மத்தியானத்துக்குள் எப்படி அழிப்பது? பிரதானி அவர் முகத்தைப் பார்த்து, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி இரக்கம் காட்டினார்.

"மகாராஜா, பாவம், இவன் மரியாதை அறியாதவன். ஒரு வாய்ப்புக் கொடுப்போம். சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் இவன் யானைக்கொட்டில் மரியாதையைச் செய்து முடிக்கட்டும். ஒன்றுகூட விடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தலை போகட்டும்."

இருபத்தாறு பேர் முன்னாலும் அவரவர் கேட்கும் நாழிகை நின்று முடிக்க மூன்று நாள் ஆகும். பொழுது சாய இருந்ததோ அரைப் பகல். இது எல்லோருக்கும் தெரிந்தது. ராஜாவுக்கு மட்டும் நியாயமாகத் தோன்றியது. சரி என்றார்.

ஆவுடையான் ராஜா பக்கம் திரும்பினான்.

"மகாராஜா, கொட்டிலில் யானைக்கு என்னென்ன உண்டோ, அத்தனையும் ஒன்று விடாமல் செய்ய வேண்டும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நடுவில் யாராவது தடுத்தால்?"

"தடுத்தவன் தலையும் போகும்" என்றார் ராஜா.

ஆவுடையான் வெளியே ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தபோது அவனுக்குப் பின்னால் அங்கமுத்து வந்தான். அங்கமுத்துவுக்குப் பின்னால், வேலையில்லாமல் கிடந்த பாகன்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கையில் அங்குசம், ஒரு கையில் சங்கிலி. சபை சலசலத்தது.

கொட்டிலில் நாள் எதில் தொடங்கும் என்று ஆவுடையான் அங்கமுத்துவைக் கேட்டான். சங்கிலியில் தொடங்கும் என்றான் அங்கமுத்து. முதலில் காலில் சங்கிலி, பிறகு குளியல், பிறகு வேலை. வேலை முடிந்தால்தான் கவளச்சோறு. அதற்கும் அப்புறம்தான் வெளியாட்கள் வந்து கோட்டுக்குப் பின்னால் நிற்பது. வேலைக்குப் போகாத யானை முன்னால் மனிதனை நிறுத்துகிற வழக்கம் எந்தக் கொட்டிலிலும் கிடையாது என்று அவன் சபைக்கு நடுவில் உரக்கச் சொன்னான்.

"கேட்டீர்களா மகாராஜா? ஒன்று விடக் கூடாது என்பது தங்கள் கட்டளை. முதலில் இருப்பதை விட்டுவிட்டுக் கடைசியில் இருப்பதை மட்டும் செய்தால் என் தலை போய்விடும்."

பாகன்கள் வேலையைத் தொடங்கினார்கள். நெற்சாவடித் தலைவர் காலில் ஒரு சங்கிலி, சுங்கச்சாவடித் தலைவர் காலில் ஒரு சங்கிலி. வைத்தியசாலைத் தலைவர் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழட்டுப் பாகன், மிரண்ட யானையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சங்கிலியை மாட்டினான். பிரதானி தடுக்க வாயைத் திறந்தார், தடுத்தவன் தலை போகும் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். அவர் காலிலும் சங்கிலி ஏறியது. அவர் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிம்மாசனத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஆவுடையான் சிரிக்கவில்லை. இன்னொரு சங்கிலியை எடுத்துக்கொண்டு சிம்மாசனத்தடியில் வந்து நின்றான். பட்டத்து யானை முன்னால் நடக்காமல் மற்ற யானைகள் நடக்காது, அதுவும் கொட்டில் வழக்கம்தான் என்றான்.

சிரிப்பு நின்றது. ராஜாவின் முகம் சிவந்தது.

"மகாராஜா, விளையாட்டு முடிந்தது. பிரதானிச்சாவடி வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், நேற்று விடிந்ததிலிருந்து சாவடி சாவடியாக அலைகிறாள். கொக்குமடை ஏரிக்கரை ஒழுகுகிறது. அவள் புருஷன் ஓட்டையில் முதுகு கொடுத்து நிற்கிறான். கீழே முந்நூறு வீடுகள் இருக்கின்றன. ஓர் ஓலைக்காக அவள் இந்த மகா யானைகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டாள். ஒன்றும் காதை ஆட்டவில்லை. என் தலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கரை மிதிக்க யானைகள் வேண்டும். தங்கள் யானைகள் கல்யாணத்துக்குப் போயிருக்கின்றன. மீதி இருப்பவை இவைதான்."

ராஜா சடகோபரைப் பார்த்தார். இது உண்மையா என்று கேட்டார். இன்னும் எட்டு நாழிகை ஆகவில்லை, அதனால் விஷயம் தம் காதுக்கு வரவில்லை என்று பிரதானி சொன்னார். அதை ஒரு பதில் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அவர் முறைப்படிதான் நடந்திருக்கிறார்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, பாதரட்சையைக் கழற்றி வைத்துவிட்டு, காலை நீட்டினார். வேண்டாம் மகாராஜா, நடந்தால் போதும் என்று ஆவுடையான் சங்கிலியைக் கீழே போட்டான்.

கொக்குமடை அரைக் காதத்தூரம். ராஜா முன்னால் நடந்தார், காத்தாயி வழிகாட்டினாள். பின்னால் இருபத்தாறு சாவடித் தலைவர்களும் சங்கிலி இழுபட வந்தார்கள். குளிப்பாட்டுகிற வேலையை மழை பார்த்துக்கொண்டது. பல்லக்கு வரவழைக்கலாமா என்று பிரதானி மெல்லக் கேட்டார். யானை எங்கேயாவது பல்லக்கில் போகுமா என்று அங்கமுத்து திருப்பிக் கேட்டான்.

கரைக்குப் போனதும் ராஜா தன் சேவகர்களைக் கலிங்குக்கு அனுப்பிப் பலகைகளை எடுக்கச் சொன்னார். ஆனால் மட்டம் இறங்க விடிந்துவிடும், அதுவரை ஓட்டை தாங்காது. கரையின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் ஒரு பனைமரத் தடிமனுக்குக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஊர்ச்சனம் வைக்கோலும் களிமண்ணும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள், காத்தாயியும் ஒரு கூடையைத் தூக்கினாள். அங்கமுத்து முதல் ஆளாக அதில் இறங்கி மிதித்தான். பாகன்கள் யானையை அதட்டுகிற அதே அதட்டல் போட்டு மற்றவர்களை இறக்கினார்கள். பட்டு வேட்டிகள் சேறாயின. மூச்சு வாங்கி ஒதுங்கப் பார்த்த சடகோபரைக் கிழட்டுப் பாகன் அங்குசத்தின் பின்முனையால் தொட்டு, மிதிக்காத யானைக்குக் கவளம் கிடையாது என்றான். ராஜாவும் மிதித்தார். ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தும்விட்டார். யானைக்கும் அடி சறுக்கும்தானே.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒழுக்கு நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் இருந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார்கள். பிரதானியின் மீசை முழுக்கக் களிமண் அப்பியிருந்தது. அதைப் பார்த்த ராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். ராஜா சிரித்ததும் சாவடித் தலைவர்கள் சிரித்தார்கள், சேவகர்கள் சிரித்தார்கள், சடகோபர்கூட வேறு வழியில்லாமல் சிரித்தார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானை அருகில் அழைத்தார்.

அப்போது காத்தாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் சிரிச்சு முடிச்சிட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு இன்னும் தண்ணிக்குள்ளதான் நிக்கிறாரு. ரெண்டு பேரு வாங்க, தூக்கணும்."

அவர்கள் அத்தனை பேரும் கரையின் இந்தப் பக்கமே நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆவுடையானுக்கும் ஞாபகமில்லை. கோபப்பட்டவனும் மறந்துதான் போனான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையும் ஒரு சாவடி ஓலை மாதிரி ஆகிவிடும்.

ராஜா மாலையை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறி அந்தப் பக்கம் இறங்கினார். மாரப்பன் கழுத்தளவு தண்ணீரில், கரையில் சாய்ந்து, கண்ணை மூடியபடி நின்றிருந்தான். ஓட்டை அடைபட்டது அவனுக்குத் தெரியாது. ராஜா ஒரு பக்கமும் ஆவுடையான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கால்கள் மடங்கவே இல்லை, இரண்டும் மரக்கட்டை போல விறைத்திருந்தன. முதுகுத் தோல் வெளுத்து உரிந்திருந்தது. மேலே கொண்டுவந்து கிடத்தியபோது ராஜாவின் தோளில்தான் அவன் தலை இருந்தது. அது யார் தோள் என்று அவன் பார்க்கவில்லை. பெண்டாட்டியைத் தேடினான்.

"ஓலை வந்துச்சா?"

காத்தாயி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். தூரத்தில் கலிங்கு இரைந்துகொண்டிருந்தது.

"பலகைய எடுத்துட்டீங்களா? ஓலை இல்லாம எடுத்துட்டியாடி? கைய வெட்டிருவாங்களே."

கையை வெட்டச் சட்டம் போட்டவர் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

விகடக் கதை என்றால் ராஜா சிரிக்க வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும். சிரிப்பு முன்னாலேயே ஆகிவிட்டது. பரிசாக என்ன வேண்டும் என்று ராஜா மெதுவாகக் கேட்டபோது, ஆவுடையான் முத்துமாலையை வாங்கவில்லை. இனி எந்த ஏரியிலும் நீர்க்கட்டி தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் பலகையை எடுக்கலாம், ஓலையும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம் என்று ஒரு கட்டளை கேட்டான். ராஜா அந்த இடத்திலேயே அதைத் தன் வாயால் சொன்னார். பிரதானியின் இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கி அங்கமுத்துவிடம் கொடுத்து, நாளைக்குப் பொழுது விடிந்ததும் இருபத்தேழு கோடுகளையும் சடகோபரே கழுவ வேண்டும் என்றும் சொன்னார். பிறகு மாரப்பன் பக்கம் குனிந்து, நான்தான் ராஜா, உன் கைக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்று தடவை சொன்னார்.

மாரப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சரிங்க சாமி என்று தலையாட்டவும் செய்தான். ஆனால் விடியும்வரை இரண்டு கைகளையும் அக்குளுக்குள் மறைத்து வைத்துக்கொண்டே படுத்திருந்தான்.